கிட் கமிட்டுக்குள் இருப்பது முழுக் கோப்பா, மாறிய வரிகள் மட்டுமா?

சம்மாந்துறை வயல்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

இஞ்ச ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு சிஸ்டம் ஒண்டு எழுதிக் குடுத்து, இப்ப நான்தான் பராமரிக்கிறன். மெஷினில வந்த நெல்லு வண்டியோட தராசில ஏறும். நிறை, இனம், ஈரப்பதக் கழிவு, அண்டைய விலை எல்லாம் போட்டு ரசீது அடிக்கிற வேலை. பிஎச்பி, மைஎஸ்கியூஎல். கோட்டின்ட வரலாற்ற வைக்கிற கிட் பாவிக்கிறன், ஆனா ஆட், கமிட் (அந்த நேரத்து நிலையப் பதியிறது), புஷ், புல், இதுக்கு அங்கால போனதில்ல.

ரெண்டு விசயம் விளங்கல்ல.

முதலாவது, கிட் ஒவ்வொரு கமிட்டிலயும் முழு ப்ரொஜெக்டையும் அப்பிடியே வைக்கும், மாற்றத்த வைக்கிறதில்ல எண்டு வாசிச்சன். ஆனா லாக் எடுத்தாலும் சரி, கிட்ஹப்பில பாத்தாலும் சரி, சிவப்பு வரியும் பச்சை வரியும்தான் காட்டுது. மற்றது, என்ட கோட் 6 எம்பி மட்டில. கமிட் ஆயிரத்தத் தாண்டிட்டுது. முழுசா வைச்சா 6 ஜிபி வரணும். .கிட் ஃபோல்டர் 11 எம்பிதான் கிடக்கு. அப்ப எது சரி?

ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம். ஆலை முதலாளி ஒருநாள் கேட்டார், போன சிறுபோகத்தில கீரிச்சம்பாக்கு என்ன கழிவுக் கணக்கு ஓடினது எண்டு. ஒரு விவசாயி வந்து காசு குறைஞ்சிட்டு எண்டு சொல்லியிருக்கார். பழைய கமிட்ட எடுத்துக் காட்டினன். அவர் பாத்திட்டு, "இத நீ இப்ப மாத்தி வச்சிட்டுக் காட்டல்ல எண்டு நான் எப்பிடி நம்புற?" எண்டார். கோபத்தில கேக்கல்ல, நியாயமாத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல ஏலாமப் போச்சு. உள்ள எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்க.

கல்லடி அக்கா:

தம்பி, உங்கட முதலாளி கேட்டது இந்தத் துறையின் நடுக்கேள்வி. அதற்கு வர முதல் மற்றதை விளங்க வேண்டும்.

நீங்கள் வாசித்ததும் சரி, கண்ணால் கண்டதும் சரி. கமிட் என்றால் என்ன என்பது ஒன்று, அதை டிஸ்கில் எப்படிச் சிக்கனமாக வைப்பது என்பது வேறொன்று. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நீங்கள் ஒரு கோப்பை ஆட் செய்யும்போது கிட் அதன் உள்ளடக்கம் முழுவதையும் எடுக்கும். முன்னால் அதன் வகையையும் எத்தனை பைட் என்பதையும் சேர்த்து ஷா-1 கணக்கை ஓட்டும். 40 எழுத்து நீளத்தில் ஒரு ஹாஷ், அதாவது அந்த உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஒன்று, வரும். பிறகு உள்ளடக்கத்தை ஸீலிப் முறையில் சுருக்கி .கிட் ஃபோல்டருக்குள் ஆப்ஜெக்ட்ஸ் என்ற இடத்தில் வைக்கும். அந்த ஹாஷ்தான் அதன் முகவரி: முதல் 2 எழுத்து ஃபோல்டரின் பெயர், மிச்சம் 38 எழுத்து கோப்பின் பெயர். போய்ப் பாருங்கள், அங்கே கிடக்கும். இதற்குப் பெயர் பிளாப்.

பிளாப்புக்குள் உங்கள் கோப்பின் பெயர் கிடையாது. எந்தப் பெயருக்கு எந்த பிளாப் என்ற பட்டியல் ட்ரீ என்ற இன்னொரு ஆப்ஜெக்டில் இருக்கிறது. ஒரு ஃபோல்டருக்கு ஒரு ட்ரீ. உள் ஃபோல்டர் இருந்தால் அதன் ட்ரீயுடைய ஹாஷும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாக வரும். கமிட் என்பது இதற்கெல்லாம் மேலே நிற்கிற மிகச் சின்ன எழுத்துக் கோப்பு. வேரில் இருக்கிற ட்ரீயின் ஹாஷ், முந்தைய கமிட்டின் ஹாஷ், எழுதியவர், கமிட் பண்ணியவர், நேரம், நீங்கள் எழுதிய செய்தி. அவ்வளவுதான். மாறிய வரி என்று ஒன்றுகூட அதற்குள் இல்லை. கிட் கேட்-ஃபைல் கட்டளைக்கு மைனஸ் பி போட்டு ஹெட்டை, அதாவது இப்போது நிற்கிற கமிட்டை, கொடுங்கள், கண்ணுக்கு முன்னால் வரும்.

அப்போ ஏன் 6 ஜிபி வரவில்லை? மாறாத கோப்பின் ஹாஷ் மாறாது. ஹாஷ் மாறாவிட்டால் அது ஏற்கனவே அங்கே இருக்கிறது, திரும்ப வைக்கத் தேவையில்லை. புதிய ட்ரீ பழைய பிளாப்பையே சுட்டும். நீங்களே சோதித்துப் பாருங்கள். கிட் கவுன்ட்-ஆப்ஜெக்ட்ஸ் ஓட்டி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபோல்டருக்குள் இருக்கிற ஒரேயொரு கோப்பில் ஒரு வரியை மாற்றிக் கமிட் பண்ணுங்கள். மறுகா எண்ணுங்கள். 4 கூடியிருக்கும்: புதிய பிளாப், அந்த ஃபோல்டரின் ட்ரீ, வேர் ட்ரீ, கமிட். மற்ற நூற்றுக்கணக்கான கோப்புகளை அது தொடவே இல்லை.

சிவப்பும் பச்சையும் நீங்கள் கேட்கிற அந்த நேரத்தில் பிறக்கிறவை. இரண்டு ட்ரீயை எடுத்து, ஹாஷ் வேறுபடுகிற பிளாப்களை மட்டும் திறந்து, வரி வரியாக ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. வழக்கமாக ஓடுவது யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட முறை. ஹிஸ்டோகிராம் என்ற தெரிவைக் கொடுத்தால் அதே இரண்டு கமிட்டுக்கு நடுவில் வேறு மாதிரி வரிகளைக் காட்டவும் கூடும். வேறுபாடு சேமித்து வைத்த பொருளாக இருந்தால் அப்படி மாற முடியாது அல்லவா? இந்த இடத்தை என் வகுப்புப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். இது பிடிபட்டால் மேர்ஜ், ரீபேஸ் எல்லாம் பயமில்லாமல் போகும்.

இனி டிஸ்க். ஒரு வரி மாறினாலும் பிளாப் முழுதாகத்தான் புதிதாக எழுதப்படுகிறது, சுருக்கித்தான் என்றாலும் முழுது. இது பெருகும். அதனால் தனித்தனி ஆப்ஜெக்ட் கிட்டத்தட்ட 6700ஐத் தாண்டினால் கிட் தானாகவே எல்லாவற்றையும் கூட்டி ஒரு பேக் கோப்பாகக் கட்டும். கிட் ஜிசி ஓட்டினால் அப்போதே கட்டும். புஷ் பண்ணும்போது வயரில் போவதும் பேக்தான். இங்கேதான் மாற்றம் மட்டும் வைக்கிற வேலை நடக்கிறது. பெயரும் அளவும் நெருங்கிய ஆப்ஜெக்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரிசைப்படுத்தி, பின்னாலுள்ள 10ஐ ஒப்பிட்டுப் பார்த்து, எதிலிருந்து எதைக் கட்டினால் குறைந்த இடம் எடுக்கும் என்று தேடும். ஒன்றின் மேல் ஒன்றாக 50 படி வரைக்கும் போகும். பெரும்பாலும் புதியது முழுதாக இருக்கும், பழையது அதிலிருந்து வேறுபாடாக இருக்கும், ஏனென்றால் நாம் அடிக்கடி கேட்பது புதியதைத்தான். உங்கள் 11 எம்பி அப்படி வந்தது. ஆனால் பேக்குக்குள் எப்படிக் கிடந்தாலும் ஹாஷ் மாறாது. கேட்டால் முழுக் கோப்புத்தான் கைக்கு வரும்.

இப்போது உங்கள் முதலாளிக்கு. பழைய கமிட்டிலுள்ள கழிவுக் கணக்கில் ஒரு இலக்கத்தை மாற்றினால் அந்த பிளாப்பின் ஹாஷ் மாறும். அதைச் சுட்டுகிற ட்ரீ மாறும், கமிட் மாறும். அடுத்த கமிட்டுக்குள் முந்தையதன் ஹாஷ் இருப்பதால் அதுவும் மாறும். இப்படியே இன்றைய கமிட் வரைக்கும் எல்லா ஹாஷும் மாறிவிடும். நடுவில் ஒன்றை மட்டும் ஓசைப்படாமல் மாற்ற வழியில்லை.

ஆனால் இதை மட்டும் சொல்லி அவரிடம் உறுதி கொடுக்காதீர்கள். முழுச் சங்கிலியையும் ஒருவர் புதிதாக எழுதி வைத்தால், அதுவும் தன்னளவில் பிழையில்லாத சங்கிலிதான். எழுதியவர் பெயரும் திகதியும் கமிட்டுக்குள் வெறும் எழுத்து, யாரும் எதையும் போடலாம். ஆகவே ஹாஷ் உங்கள் கையை விட்டு வேறொருவர் கையிலும் இருக்க வேண்டும். கணக்கு முறை மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கமிட்டின் 40 எழுத்தையும் ரசீதின் அடியில் அச்சடியுங்கள், அல்லது முதலாளியின் பேரேட்டில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். பிறகு யார் கேட்டாலும் அந்த ஹாஷைக் கொடுத்து எடுக்கிற கோட், அன்று பதிந்த கோட்தான். விவசாயியின் கையில் இருக்கிற ரசீதிலேயே அந்த இலக்கம் இருக்குமென்றால், அவருக்கும் அது ஒரு பாதுகாப்பு. இதைச் செய்யுங்கள் தம்பி.

மருதமுனைத் தறி:

கல்லடி அக்கா சொன்னது முழுக்க கிட்டின்ட வழி. இதுக்கு முந்தி வந்ததுகளையும் பாத்தா, ஏன் இப்பிடிச் செய்தாங்க எண்டு விளங்கும்.

முதல் வந்தது எஸ்சிசிஎஸ். 1972இல பெல் ஆய்வுகூடத்தில மார்க் ராச்கைண்ட் செய்தது. அதில ஒரு கோப்புக்கு ஒரே ஒரு வரலாற்றுக் கோப்பு. எந்தக் காலத்திலயும் அந்தக் கோப்பில இருந்த எல்லா வரியும் அதுக்குள்ள ஒண்டாக் கிடக்கும். இந்த வரி எத்தினையாவது பதிப்பில வந்தது, எத்தினையாவதில போனது எண்டு இடையில குறி இருக்கும். எங்கட ஊர்த் தறியில பூ வேலை போடுறவங்களுக்கு இது சட்டெண்டு பிடிபடும். பாவு நூல் அவ்வளவும் தறியில ஏறித்தான் நிக்குது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேவையான நூல் மட்டும் மேல எழும்பும். அதே மாதிரித்தான் 3ஆம் பதிப்பக் கேட்டா அதுக்குரிய வரிகள் மட்டும் எழும்பி வரும். எந்தப் பதிப்ப எடுத்தாலும் ஒரே நேரம்தான் எடுக்கும். ஒரு வரி எப்ப வந்தது எண்டு கேட்டா தேட வேண்டிய தேவையே இல்ல. கிட்டில ப்ளேம் ஓட்டினா பின்னால நடந்து நடந்து கணக்குப் பாக்கணும்.

மறுகா 1982இல ஆர்சிஎஸ், பர்டியூ பல்கலைக்கழகத்தில வால்டர் டிக்கி. அவர் கடைசிப் பதிப்ப முழுசா வைச்சு, பழசுக்குப் போக வேண்டிய வித்தியாசங்கள மட்டும் பின்னோக்கி வைச்சார். புதுச எடுக்கிறது வேகம், பழசுக்குப் போகப் போகத் தாமதம். கிட் பேக்கில புதுச முழுசா வைக்கப் பாக்கிறதும் இதே யோசனைதான். பிறகு வந்த சிவிஎஸ் எண்ட கருவி, ஆர்சிஎஸ் கோப்புகளுக்கு மேலதான் நிண்டது. அதுல ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி இலக்கம். நீங்க பத்துக் கோப்ப ஒண்டா அனுப்பி அஞ்சாவதில லைன் அறுந்தா, அஞ்சு போயிருக்கும், மிச்சம் போயிருக்காது. சப்வெர்ஷன் 1.0 வந்தது 2004 பெப்ரவரியில. முழு ரெப்போவுக்கும் (ப்ரொஜெக்டும் அதின்ட வரலாறும் கிடக்கிற இடம்) ஒரே இலக்கம், போனா எல்லாம் போகும், இல்லாட்டி ஒண்டும் போகாது எண்டு அத ஒழுங்காக்கினது அதுதான்.

லினக்ஸ் கர்னல் 2002இல இருந்து 2005 வரைக்கும் பிட்கீப்பர் எண்ட கருவியில இருந்தது. அது உள்ளுக்கு எஸ்சிசிஎஸ் முறையிலதான் வைச்சது. இலவசமாப் பாவிக்கிற அனுமதிய அந்தக் கம்பெனி திரும்பப் பறிச்ச பிறகுதான் 2005 ஏப்ரலில லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுதத் தொடங்கினார். அதே மாதம் மெர்க்குரியலும் வந்தது. அது வித்தியாசங்களத் தொடராச் சேத்துக்கொண்டு போய், தொடர் கூட நீண்டா ஒரு முழுப் பிரதி போட்டுக்கொள்ளும். டார்க்ஸ் எண்ட ஒண்டில மாற்றமே அடிப்படை, அங்க உண்மையாவே பேட்சத்தான் வைக்கிறாங்க. அதனால வயல் தம்பி கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பதில் சொல்லும்.

கல்லடி அக்கா:

மருதமுனைத் தம்பி, நல்லாச் சொன்னீர்கள். சப்வெர்ஷனில் நான் கொழும்பில் நெடுநாள் வேலை செய்தேன். இங்கே வந்த பிறகு கிட்டின் அருமை வேறு விதமாகத் தெரிந்தது. சப்வெர்ஷனில் கமிட் என்றால் சேர்வருக்குப் போக வேண்டும். கிட்டில் முழு வரலாறும் உங்கள் மடிக்கணினியிலேயே இருக்கிறது. என் வகுப்புக்குப் படுவான்கரையிலிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டில் சிக்னல் இல்லாமலே கமிட் பண்ணி, பிரான்ச் (தனி வேலைக்கிளை) போட்டு, பழையதைப் பார்த்து வேலை செய்கிறார்கள். கல்லடிக்கு வந்து புஷ் பண்ணுகிறார்கள். பிரான்ச் என்பதே 40 எழுத்து ஹாஷ் ஒன்று எழுதிய சின்னக் கோப்புத்தான் என்று தெரிந்தால் அதைப் போடப் பஞ்சிப்படவும் மாட்டார்கள்.

சம்மாந்துறை வயல்:

அக்கா, எண்ணிப் பாத்தன். சரியா 4 கூடினது! மனசுக்குச் சரியான சந்தோசம். ரசீதின்ட அடியில ஹாஷ் போடுற யோசனைய முதலாளிட்ட சொன்னன், உடனே செய்யச் சொல்லிட்டார்.

இன்னொரு ரெப்போ இருக்கு, அதே ஆலையின்ட பழைய சிஸ்டம், வேற ஒருத்தர் எழுதினது. அதில டேட்டாபேஸ் பேக்கப்ப ஸிப் ஆக்கி மாதா மாதம் கமிட்டுக்குள்ளயே போட்டிருக்கு. ஒவ்வொண்டும் 60, 70 எம்பி. எல்லாத்தையும் அழிச்சுக் கமிட் பண்ணினன், கிட் ஜிசியும் ஓட்டினன், சைஸ் குறையல்ல. ஒரு எம்பி கூட. ஏன்?

கல்லடி அக்கா:

அழித்தது இன்றைய ட்ரீயிலிருந்து மட்டும். பழைய கமிட்டுகளின் ட்ரீ இன்னும் அந்த பிளாப்களைச் சுட்டிக்கொண்டு இருக்கிறது. ஒரு பிரான்சிலோ டாகிலோ தொடங்கிப் போய்த் தொடக்கூடிய எதையும் ஜிசி எறியாது. அது எறியக் கூடாது, அதை நம்பித்தானே நாம் பழைய கணக்கை எடுத்துக் காட்டுகிறோம்.

ஸிப் பேக்குக்குள் சுருங்காததற்கும் காரணம் உண்டு. டேட்டாபேஸில் பத்து வரி கூடினாலும் ஸிப் ஆக்கும்போது பைட்கள் அந்த இடத்திலிருந்து பெரும்பாலும் தலைகீழாகிவிடும். போன மாத ஸிப்புக்கும் இந்த மாத ஸிப்புக்கும் பொதுவாக ஒன்றும் கிடைக்காததால் வேறுபாடு வைப்பதால் பயனில்லை. வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளுக்கு ஸிப்தான், அவற்றுக்கும் இதே கதை.

எடுக்க வேண்டுமென்றால் வரலாற்றையே திருப்பி எழுத வேண்டும். கிட்டோடு வருகிற ஃபில்டர்-பிரான்ச்சைப் பாவிக்காதீர்கள், கிட்டின் ஆவணமே வேண்டாம் என்கிறது. கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற பைத்தன் கருவியைத் தனியாக நிறுவுங்கள். புதிதாகக் குளோன் பண்ணிய பிரதியில் ஓட்டுங்கள், அது அப்படித்தான் எதிர்பார்க்கிறது. பேக்கப் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து, அது தவிர மிச்சம் எல்லாம் வேண்டும் என்று சொல்லலாம். முடிந்ததும் ஆரிஜின் (மூல ரெப்போ) தொடர்பைத் தானே அறுத்துவிடும், தவறுதலாகப் புஷ் ஆகாமல் இருக்கத்தான். முதல் பேக்கப் நுழைந்த இடத்திலிருந்து எல்லா ஹாஷும் மாறும். ஆகவே அந்த ரெப்போவை வைத்திருக்கிற எல்லாரும் பழையதை விட்டுவிட்டுப் புதிதாகக் குளோன் பண்ண வேண்டும். ஒருவர் பழைய பிரதியிலிருந்து புஷ் பண்ணினாலும் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

இதைவிட எனக்குக் கவலை வேறு. அந்தப் பேக்கப்புக்குள் விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் இருக்குமே? அந்த ரெப்போ ஒருநாளாவது வெளியில் திறந்து கிடந்ததா என்று முதலில் பாருங்கள். கிடந்திருந்தால், வரலாற்றைத் துடைத்தாலும் ஏற்கனவே குளோன் பண்ணியவர் கையில் அது இருக்கும். கிட்ஹப்பில் பழைய ஹாஷைத் தெரிந்தவருக்கு அந்தக் கமிட் பிறகும் சில காலம் திறக்கலாம், அவர்களிடம் கேட்டுத்தான் முழுதாக எடுக்க வேண்டிவரும். டேட்டாபேஸ் கடவுச்சொல் கோட்டில் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், துடைக்கிற வேலை பிறகு.

வந்தாறுமூலை மாணவி:

அக்கா, இதோட சேர்த்து என்ட பிரச்சினையையும் கேக்கிறன். நூலகச் சிஸ்டம் ஒன்றில் தமிழ்ச் சொல்லெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. யுனிகோடுக்கு மாற்றி, கோப்பின் பெயரையும் தமிழில் வைத்து ஒரே கமிட்டாகப் போட்டன். இப்போ அந்தக் கோப்பின் பழைய வரலாறு காணவில்லை, புதுக் கோப்பு என்று காட்டுது. ஸ்டேட்டஸ் பார்த்தால் பெயருக்குப் பதிலாக வெறும் இலக்கமாக வருது. இன்னும் ஒன்று, என் நண்பி தொட்ட சில வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் தெரியுது, ஆனால் மாறியதாகக் காட்டுது.

கல்லடி அக்கா:

தங்கச்சி, மூன்றுக்கும் வேர் ஒன்று. கிட் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது.

பெயர் மாற்றத்தை கிட் எங்கேயும் பதிவதில்லை. ஒரு பெயர் மறைந்து இன்னொரு பெயர் வந்தால், இரண்டின் உள்ளடக்கமும் பாதிக்கு மேல் ஒத்துப்போகுதா என்று பார்க்கும் அந்த நேரத்தில் கணக்குப் போட்டு ஊகிக்கும். பாமினியில் ஒரு தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் பைட்டில் இருக்கிறது. யூடிஎஃப்-8இல் 'க' ஒன்றுக்கே 3 பைட். சொற்கோப்பு முழுதும் அப்படி மாறினால் ஒத்துப்போக என்ன மிஞ்சும்? பெயரை மட்டும் மாற்றி ஒரு கமிட், எழுத்தை மாற்றி அடுத்த கமிட் என்று பிரித்தால் ஃபாலோ தெரிவு போட்டு லாக் எடுக்கும்போது பழையதும் வரும். இன்னும் புஷ் பண்ணவில்லை என்றால் அந்தக் கமிட்டை ரீசெட் சாஃப்ட் பண்ணி இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

இலக்கமாகத் தெரிவது கிட்டின் இயல்பு. 'க' என்பதை \340\256\225 என்று காட்டும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கான்ஃபிக்கில் கோர் டாட் குவோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், தமிழாகத் தெரியும்.

உங்கள் நண்பியின் வரிகளில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் இருக்கும் என்று நினைக்கிறேன். 'கொ' என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக வரலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைட் வேறு, ஆகவே பிளாப் வேறு. யுனிகோட் தரம் இரண்டையும் சமம் என்கிறது, அதனால் என்எஃப்சி முறையில் (குறியை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிற வடிவம்) ஒருமுறை எல்லாக் கோப்பையும் ஒழுங்குபடுத்தி அதைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள். பைத்தனில் யுனிகோட்டேட்டா நூலகத்தில் நோர்மலைஸ் என்ற செயற்பாடு இருக்கிறது. பிறகு கமிட்டுக்கு முன் ஓடுகிற ஹூக்கில் அதைச் சேர்த்துவிட்டால், எந்தக் கீபோர்டில் யார் அடித்தாலும் ஒரே மாதிரித்தான் உள்ளே போகும்.